பழைய மேனுஃபாக்சர்ட் ஹோமை வாங்கி, சரிசெய்து, விற்பது: முழுமையான வழிகாட்டி

தொழிற்சாலையில் கட்டி, இரும்புச் சட்டத்தின் மேல் இழுத்து வந்து நிறுத்தும் வீட்டை அமெரிக்காவில் மேனுஃபாக்சர்ட் ஹோம் என்பார்கள், பேச்சுவழக்கில் மொபைல் ஹோம். அப்படிப் பழைய வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பித்து விற்க நினைப்பவர் முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய தேதி 1976 ஜூன் 15. மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட் வகுத்த கட்டுமான விதிகள் அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் தொழிற்சாலையை விட்டு வந்த வீடுகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே தரம் கிடையாது. அலுமினிய ஒயரிங், மெல்லிய சுவர், தீப்பிடித்தால் வெளியேற முடியாத படுக்கையறை ஜன்னல் என்று எதுவும் இருக்கலாம். அவற்றுக்குக் கடனும் காப்பீடும் கிடைப்பது கஷ்டம். அதனால் என் முதல் விதி: 1976-க்கு முந்தைய வீடு இலவசமாகக் கிடைத்தாலும் விற்பதற்காக வாங்காதீர்கள். கைப்பணம் கொடுத்து இடித்து அகற்ற வேண்டிய சுமையை உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது எல்லைக்கோடு 1994. ஆண்ட்ரூ புயல் 1992-ல் ஃபுளோரிடாவில் இந்த வீடுகளைக் குவியல் குவியலாகப் பிய்த்துப் போட்ட பிறகு, 1994-ல் காற்று மண்டல விதிகள் (எந்தப் பகுதி வீடு எவ்வளவு காற்றைத் தாங்க வேண்டும் என்பவை) கடுமையாக்கப்பட்டன. கடலோர மாநிலத்தில் வேலை செய்பவருக்கு இது முக்கியம். காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்விகளில் வீட்டின் வயதும் ஒன்று.

சந்தையில் அதிகம் கிடைப்பது 1990-களின் பிற்பாதி வீடுகள். 1998-ல் மட்டும் 3,70,000-க்கும் மேற்பட்ட வீடுகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. அதற்குப் பிறகு அந்த உயரத்தை இந்தத் தொழில் தொட்டதில்லை. அந்தக் காலத்து வீடுகளில் எலும்பு நன்றாக இருக்கும், தரையும் குழாயும்தான் போயிருக்கும். அதுவே நமக்குத் தோதான சரக்கு.

விற்பனை விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

சாதாரண வீட்டுக்குப் பக்கத்து வீடுகளின் விலையைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். இங்கே அது மட்டும் போதாது. வீடு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

பெரும்பாலான மலிவு வீடுகள் வாடகை மனையில், அதாவது பார்க்குக்குள், நிற்கும். வீடு உங்களுடையது, நிலம் பார்க் உரிமையாளருடையது, மாதா மாதம் லாட் வாடகை. அந்த வாடகைதான் உங்கள் விற்பனை விலைக்குக் கூரை போடுகிறது. ஓர் உதாரணம்: வாங்க வருபவரால் மாதம் 1,200 டாலர் கட்ட முடியும் என்று வைத்துக்கொள்வோம். லாட் வாடகை 550 என்றால் கடனுக்கு மிஞ்சுவது 650. பத்து சதவிகித வட்டியில் பத்தாண்டுக் கடன் என்றால், 650 டாலர் தவணை சுமார் 49,000 டாலர் கடனைத் தாங்கும். அதே பார்க்கில் லாட் வாடகை 800 ஆனால் மிஞ்சுவது 400. அது தாங்கும் கடன் சுமார் 30,000 மட்டுமே. நீங்கள் உள்ளே கிரானைட் போட்டாலும் தங்கத் தகடு போட்டாலும் அந்தப் பத்தொன்பதாயிரம் திரும்பி வராது. அடுத்த ஆண்டு வாடகை ஏற்றம் வரப்போகிறதா என்று பார்க் மேலாளரிடம் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

சொந்த நிலத்தோடு சேர்ந்த வீடு வேறு கணக்கு. நிலத்தோடு அசையாச் சொத்தாகப் பதிவாகி, நிரந்தர அடித்தளத்தில் நின்று, பொறியாளரின் சான்றும் இருந்தால் எஃப்ஹெச்ஏ (மத்திய அரசின் உத்தரவாதம் உள்ள கடன்) போன்ற வழக்கமான வீட்டுக் கடன்களுக்கு வழி உண்டு. வாங்குபவர் வட்டம் ஒரேயடியாகப் பெரிதாகிறது. ஒரு சங்கதி: ஓரிடத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு வேறிடத்துக்கு நகர்த்திய வீட்டுக்குப் பல கடன் நிறுவனங்கள் கடன் தருவதில்லை. "மலிவாக வாங்கி என் நிலத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விற்கிறேன்" என்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். இழுத்துச் செல்லும் கூலியே பல ஆயிரம் டாலர். டபுள் வைட், அதாவது இரண்டு பாதிகளைப் பக்கவாட்டில் சேர்த்த வீடு, என்றால் இரண்டாகப் பிரித்து, இரண்டு சுமையாக எடுத்துப் போய், மறுபடி சேர்க்க வேண்டும்.

பார்க்கில் நிற்கும் சிங்கிள் வைட் (ஒரே துண்டாக வந்த வீடு) ஒன்றுக்கு மாதிரிக் கணக்கு இப்படி இருக்கலாம்: வாங்கும் விலை 12,000, வேலையும் பொருளும் 14,000, நான்கு மாத லாட் வாடகை 2,200, பெயர் மாற்றம், வரி பாக்கி 800, காப்பீடு 400, எதிர்பாராத செலவுக்கு 2,000. மொத்தம் 31,400. 42,000-க்கு விற்றால் மிஞ்சுவது 10,600. இதில் உங்கள் சொந்த உழைப்புக்குக் கூலி போடவில்லை, வருமான வரியும் கழிக்கவில்லை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது லாட் வாடகையைத்தான். வேலை இழுத்துக்கொண்டே போனால் லாபத்தைத் தின்பது அதுதான், தச்சர் கூலி அல்ல.

நம்மவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஹெச்-1பி விசாவில் இருந்துகொண்டு வார இறுதியில் நீங்களே சுத்தியல் பிடித்து, வீடு மேல் வீடாக விற்று லாபம் பார்த்தால் அது அனுமதியில்லாத வேலை என்று கருதப்படும் ஆபத்து உண்டு. முதலீடு செய்வது வேறு, தொழில் செய்வது வேறு. குடியேற்ற வக்கீலிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு இறங்குங்கள். அப்படியே வரிக் கணக்கரையும் பாருங்கள். வாடிக்கையாக வாங்கி விற்றால் அது முதலீட்டு ஆதாயம் அல்ல, தொழில் வருமானம்.

காகிதம்: சுவரைத் தொடுவதற்கு முன்

இந்த வீடுகளுக்குப் பல மாநிலங்களில் கார் போலவே டைட்டில், அதாவது உரிமைச் சான்று, உண்டு. ஃபுளோரிடாவிலும் வட கரோலினாவிலும் அது வாகனத் துறையின் கையில் இருக்கிறது. ஃபுளோரிடாவில் டபுள் வைட்டின் இரு பாதிகளுக்கும் தனித்தனி டைட்டில். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் பாதி வீட்டைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். டெக்ஸஸில் மாநில வீட்டுவசதித் துறை உரிமை அறிக்கை தருகிறது. கலிஃபோர்னியாவில் ஹெச்சிடி என்ற துறை பதிவு செய்கிறது, மாற்று வேலைகளுக்கான அனுமதியும் நகராட்சியிடம் அல்ல, அதனிடமே வாங்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

டைட்டிலில் இருக்கும் பெயரும் பணம் வாங்குபவரின் பெயரும் ஒன்றுதானா, டைட்டிலில் உள்ள வரிசை எண் வீட்டின் எண்ணோடு ஒத்துப்போகிறதா, பழைய கடன் பாக்கி பதிவாகி இருக்கிறதா, சொத்து வரி கட்டியாயிற்றா, லாட் வாடகை பாக்கி உண்டா. இந்த ஐந்துக்கும் பதில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். இறந்துபோன பெரியவரின் பெயரில் டைட்டில் கிடக்க, பேரன் வந்து ரொக்கமாக விற்பது இந்தச் சந்தையில் சாதாரணம். பேரன் நல்லவனாகவே இருக்கட்டும், வாரிசு ஆவணம் இல்லாமல் உங்களால் மறுபடி விற்க முடியாது.

அடுத்து சிவப்புத் தகடு. இரண்டு அங்குல உயரம், நான்கு அங்குல அகலத்தில் ஒரு சிறிய உலோகத் தகடு. வண்டி இழுக்கும் கொக்கி இருந்த முனைக்கு எதிர்ப்பக்கத்தில், வெளிச்சுவரின் கீழ்ப்பகுதியில் அடித்திருக்கும். டபுள் வைட்டுக்கு இரண்டு. ஹட் விதிப்படி கட்டியதற்கு அதுவே அத்தாட்சி. பிறகு வந்தவர்கள் வெளிச்சுவரை மூடும் பட்டைகளான வினைல் சைடிங்கைப் புதிதாகப் போடும்போது இதை மூடிவிடுவார்கள், அல்லது பிடுங்கி எறிந்துவிடுவார்கள். தொலைந்த தகட்டுக்குப் பதில் புதுத் தகடு தருவதில்லை. ஹட் சார்பில் ஐபிடிஎஸ் என்ற நிறுவனம் சரிபார்ப்புக் கடிதம் கொடுக்கும்; பெரும்பாலான கடன் நிறுவனங்கள் அதை ஏற்கும். நீங்களே சைடிங் மாற்றினால் தகட்டைச் சுற்றி ஒரு சின்னச் சட்டம் வைத்து வெளியே தெரியும்படி விடுங்கள்.

உள்ளே ஒரு காகிதமும் ஒட்டியிருக்கும்: தகவல் அட்டை. சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம், மின்பலகைப் பக்கம், படுக்கையறை அலமாரி ஆகிய இடங்களில் தேடுங்கள். காற்று மண்டலம், கூரை தாங்கும் எடை, குளிர் மண்டலம் எல்லாம் அதில் இருக்கும். கூரைக்குத் தெற்கு மண்டலத்தில் சதுர அடிக்கு 20 பவுண்டு, நடுவில் 30, வடக்கில் 40. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியை மாற்றும் ஆர்வத்தில் இந்த அட்டையையும் சேர்த்துக் குப்பையில் போடுபவர்கள் நிறையப் பேர்.

ஆண்டுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இந்த வீடுகளை விற்றால் விற்பனையாளர் உரிமம் வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. அந்த எண்ணிக்கை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடங்களில் மிகக் குறைவு.

பார்க் அலுவலகத்துக்கும் ஒரு நடை போங்கள். விற்றபின் இந்த வயது வீடு இங்கேயே நிற்கலாமா, முதலீட்டாளருக்கு மனை தருவார்களா, புதிதாக வருபவரிடம் என்ன வருமானம் எதிர்பார்க்கிறார்கள், வெளிப்பக்கத்தில் எதை மாற்றச் சொல்வார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னதை அடுத்த மேலாளர் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

வீட்டைப் பார்க்கப் போகும்போது

எல்லோரும் முன்வாசல் வழியாக உள்ளே போவார்கள். நீங்கள் வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மூடியிருக்கும் ஸ்கர்ட்டிங் பலகையைக் கழற்றிக் கீழே போங்கள். பழைய சட்டை, டார்ச் விளக்கு, ஸ்க்ரூடிரைவர் போதும்.

கீழே பார்த்தால் நீளவாக்கில் இரண்டு இரும்பு ஐ-பீம், அவற்றைத் தாங்கும் கான்கிரீட் கல் தூண்கள், மேலே மரக் கட்டைகளும் ஆப்புகளும். தரைச் சட்டங்களுக்குக் கீழே கண்ணாடிப் பஞ்சு. அதை மூடியபடி கறுப்பு நிறத்தில் நெய்த பிளாஸ்டிக் துணி. அதைப் பெல்லி என்பார்கள். தண்ணீர்க் குழாய்கள், வெப்பக் காற்றுக் குழாய் எல்லாம் அந்தத் துணிக்கும் தரைக்கும் நடுவே ஓடுகின்றன. மேலே குழாய் கசிந்தால் தண்ணீர் முழுக்க அந்தத் துணியில் சேர்ந்து கறக்காத மடி மாதிரித் தொங்கும். அப்படித் தொங்குமிடத்தைக் கண்டால் நேர் கீழே படுத்துக்கொண்டு குத்தாதீர்கள். பக்கவாட்டில் நின்று சிறு கீறல் போட்டு வடிய விடுங்கள். வெளியே வருவது வெறும் தண்ணீராக இருக்காது, எலி வளர்த்த பஞ்சும் அதோடு வரும்.

பிறகு உள்ளே. செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலில் எடையை வைத்து நடங்கள். குளியல் தொட்டி ஓரம், கழிப்பறைச் சுற்று, வாட்டர் ஹீட்டர் அறை, துவைக்கும் இயந்திரத்தின் அடி, வெளிக்கதவு வாசல், ஒவ்வொரு ஜன்னலின் கீழும். தரை பஞ்சாக இறங்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கதவுகள் தானாகத் திறந்துகொள்வதும், மேல் மூலையில் இடைவெளி காட்டுவதும், சுவர்ப் பட்டைகள் பிதுங்கி நிற்பதும் மட்டம் போய்விட்டது என்பதற்கு அடையாளம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விலை பேச உதவும். கூரையின் நடுமுதுகு குழிந்திருப்பதும், வெளிச்சுவர் வயிறு தள்ளியிருப்பதும்தான் திரும்பி நடக்க வேண்டிய அடையாளங்கள்.

சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய், மேலே பிபி என்ற எழுத்தோடு இருந்தால் அது பாலிபியூட்டிலீன். 1978 முதல் 1995 வரை பெருமளவில் போடப்பட்டது. குளோரின் கலந்த நீரில் காலப்போக்கில் உள்ளிருந்தே வெடிக்கும் என்பதால் பெரிய கூட்டு வழக்காகி நஷ்டஈட்டில் முடிந்தது. அதைப் பார்த்தால் முழு வீட்டுக்கும் புதுக் குழாய் என்று கணக்கில் எழுதிவிடுங்கள். ஒட்டுப்போடுவது வீண்.

வேலை வரிசை

மட்டம், கூரை, குழாய், தரை, மின்சாரம், சுவர், அலமாரி, வெளிப்புறம். இதை மாற்றாதீர்கள். சுவருக்குப் பெயின்ட் அடித்த பிறகு மட்டம் பிடித்தால் மூட்டு அத்தனையும் வெடிக்கும்.

மட்டம் பிடிக்கத் தண்ணீர்க் குழாய் மட்டமே போதும், லேசர் இருந்தால் சுகம். 20 டன் பாட்டில் ஜாக்கைக் கெட்டியான பலகை அடுக்கின் மேல் வைத்து, இரும்புத் தகடு ஒன்றை இடையில் கொடுத்து, ஐ-பீமின் அடியில் மட்டுமே தூக்குங்கள். மரச் சட்டத்தில் கொடுத்தால் ஜாக் தரையைப் பொத்துக்கொண்டு மேலே வரும். ஒரே இடத்தில் அங்குலக் கணக்கில் தூக்காமல் கால் அங்குலம் கால் அங்குலமாகச் சுற்றி வாருங்கள். முன்னதாக வீட்டை மண்ணோடு பிணைக்கும் நங்கூரப் பட்டைகளைத் தளர்த்துங்கள். முடிந்ததும் மறுபடி இறுக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வீட்டுக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது, பக்கத்தில் கட்டை அடுக்கு நிற்க வேண்டும். டபுள் வைட் என்றால் நடு இணைப்புக் கோட்டின் கீழுள்ள தூண்களையும் பாருங்கள். பெரிய திறப்புகளின் இரு முனையிலும்தான் எடை இறங்கும். இந்த ஒரு வேலைக்கு உரிமம் உள்ள ஆளை வைப்பதே நல்லது என்பது என் கருத்து, பல மாநிலங்களில் சட்டமும் அதையே கேட்கிறது.

கூரையில் பழைய சிங்கிள் வைட்டுக்குத் தகரம் இருக்கும். ஓட்டை வழக்கமாக நடுவில் இருக்காது. காற்றுப் போக்கிகளைச் சுற்றியும், ஓரத்துப் பட்டையின் அடியிலும்தான் ஒழுகும். பழைய பூச்சைச் சுரண்டி, கூரைக்கான நாடா ஒட்டி, மேலே ரப்பர் போல நெகிழும் எலாஸ்டோமெரிக் பூச்சு இரண்டு கை அடித்தால் சில ஆண்டுகள் ஓடும். பழைய கூரைக்கு மேல் புதுத் தகரம் வைப்பதானால் தகவல் அட்டையில் உள்ள எடையைப் பாருங்கள். இந்த வீடுகளின் டிரஸ்கள், அதாவது கூரையைத் தாங்கும் சட்டங்கள், மெல்லியவை.

குழாயில் கஞ்சம் வேண்டாம். பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய் போட்டு, ஒவ்வொரு தொட்டிக்கும் கழிப்பறைக்கும் அடைப்பு வால்வு வையுங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் அந்த வால்வே இருக்காது, ஒரு வாஷர் மாற்றவும் முழு வீட்டுத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கும். குளிர்ப் பகுதி என்றால் வெளியிலிருந்து மேலே ஏறும் குழாயில் சூடேற்றும் நாடா சுற்றியிருக்கும். பழசை நம்பாதீர்கள், தீப்பிடிக்கக் காரணமாகும் பொருள்களில் ஒன்று. புதிது, இந்த வீடுகளுக்கென்று ஒப்புதல் பெற்றதாகப் பார்த்து வாங்குங்கள்.

தரை

இங்கேதான் நேரம் போகும், இங்கேதான் பணமும் இருக்கிறது. 1990-கள் வரை பெரும்பாலான வீடுகளில் தரை என்பது மரத்தூளைப் பசையில் அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. தண்ணீர் பட்டால் ஊதும், உதிரும், காய்ந்தாலும் பழைய பலம் வராது. அதன் மேல் வினைல் பலகை விரித்து மூடி விற்கிறவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் கழிப்பறை ஆடும்.

கெட்ட பகுதியைச் சுற்றி, நல்ல மரம் வரும் இடம்வரை கோடு போடுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். நுனி இறங்கினால் கோட்டை இன்னும் தள்ளுங்கள். கோட்டின் முடிவு எப்போதும் ஒரு சட்டத்தின் நடுவில் விழ வேண்டும், புதுப் பலகைக்கு உட்கார இடம் வேண்டுமல்லவா. முதலில் ஒரு மூலையில் சிறு துண்டு எடுத்துத் தடிமனை அளந்துவிட்டு, ரம்பத்தின் ஆழத்தைச் சரியாக அந்த அளவுக்கு மட்டும் வையுங்கள். கீழே ஒரு விரற்கடைத் தூரத்தில் தண்ணீர்க் குழாயும் ஒயரும் வெப்பக் காற்றுத் தகரமும் ஓடுகின்றன.

பழைய பலகை பல வீடுகளில் எட்டில் ஐந்து அங்குலம். கடையில் முக்கால் அங்குல பிளைவுட் வாங்கி வந்தால் இணைப்பில் படி விழும், மேலே போடும் வினைல் அதை அப்படியே காட்டிக் கொடுக்கும். அதனால் அளந்த தடிமனுக்கே பிளைவுட் வாங்குங்கள். சுவர்களை நிறுத்தியது அந்தப் பலகையின் மேல்தான் என்பதால் அழுகல் சுவருக்கு அடியிலும் நுழைந்திருக்கும். சுவர் ஓரம் வரை வெட்ட அதிரும் பிளேடு கொண்ட கருவி வேண்டும். சுவரடிப் பலகை கொஞ்ச தூரம் மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பகுதியைத் தாங்கி நிறுத்திவிட்டு மாற்றலாம். வெளிச்சுவரின் விளிம்புச் சட்டமே போயிருந்தால் வெளியிலிருந்து சைடிங்கைக் கழற்றித்தான் வேலை செய்ய வேண்டும், செலவும் இரட்டிப்பாகும்.

சட்டம் கருத்திருந்தாலும் கத்தி இறங்கவில்லை என்றால் காயவிட்டு, பக்கத்தில் இன்னொரு சட்டம் சேர்த்து, பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குங்கள். பலகை விளிம்புகள் தொங்கும் இடத்திலெல்லாம் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை கொடுங்கள். ஆணி வேண்டாம், ஸ்க்ரூவும் பசையும் மட்டும். மூடுவதற்கு முன்னால் குழாயில் தண்ணீர் விட்டு ஒரு ராத்திரி பாருங்கள்.

அப்புறம் கீழே போய் நனைந்த பஞ்சை மாற்றி, பெல்லித் துணியின் கிழிசலை அதற்கென்றே விற்கும் நாடாவாலும் துணியாலும் மூடுங்கள். சாதாரண டக்ட் டேப் குளிருக்குத் தாங்காது. டபுள் வைட்டில் இரு பாதிகளையும் இணைக்கும் பெரிய காற்றுக் குழாய் மண்ணில் கிடந்து கிழிந்திருக்கும். புதிது போட்டுத் தரையில் படாமல் தூக்கிக் கட்டுங்கள். வீட்டின் பாதி சூடாகவில்லை என்ற புகாருக்கு ஹீட்டரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

மின்சாரம், வெப்பம்

இங்கே உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் வரட்டும். ஆனால் அவர் சாதாரண வீடுகளில் மட்டும் வேலை செய்தவர் என்றால் ஒன்றை நினைவூட்டுங்கள்: மெயின் பிரேக்கர் வெளியே மீட்டர்க் கம்பத்தில் இருக்கும், உள்ளே இருப்பது துணைப் பலகைதான். உள்ளே நியூட்ரலும் எர்த்தும் ஒன்றோடொன்று சேரக் கூடாது, நான்கு ஒயர் வர வேண்டும். இரண்டையும் உள்ளே இணைத்துவிட்டால் வீட்டின் இரும்புச் சட்டமே மின்சாரம் ஏறும் பாதையாகிவிடும்.

சுவிட்சும் பிளக்கும் பெட்டியே இல்லாமல் சுவரில் நேராக அமுங்கி நிற்கும் வகையாக இருக்கும். அவை தளர்ந்திருந்தால், பழைய சுவருக்குப் பொருந்தும் பெட்டி வைத்துச் சாதாரண சுவிட்சுக்கு மாறலாம். சுவர் மெல்லியது என்பதால் ஆழம் குறைந்த பெட்டி வாங்க வேண்டும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் எரிவாயு வாட்டர் ஹீட்டரும் மேனுஃபாக்சர்ட் ஹோமுக்கென்று ஒப்புதல் பெற்றவையாக இருக்க வேண்டும். துணி உலர்த்தியின் குழாய் ஸ்கர்ட்டிங்கைத் தாண்டி வெளியே விட வேண்டும். வீட்டுக்கு அடியிலேயே விட்டுவைத்த ஈரக் காற்றுதான் பல வீடுகளில் பூஞ்சைக்குக் காரணம்.

சுவர், கதவு, குளியலறை

சுவரெல்லாம் வினைல் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை. மூட்டுக்களை மறைக்க மெல்லிய பட்டை. அந்தப் பட்டையைப் பிடுங்கி, மூட்டுக்குப் பூச்சு அடித்து, வழவழவென்று சாதாரண வீட்டுச் சுவராக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். செய்யலாம். ஆனால் இந்த வீடு கோடையில் ஒருவிதமும் குளிரில் ஒருவிதமும் அசையும், பூச்சு வெடிக்கும். விற்பனை வீட்டில் பட்டையை விட்டுவைத்து, அல்லது சற்று அகலமான மரப்பட்டை அடித்து, எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணம் பூசுவதே என் யோசனை. வினைலின் மேல் நேரடியாகப் பெயின்ட் பிடிக்காது. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, லேசாகத் தேய்த்து, ஒட்டும் பிரைமர் ஒரு கை, பிறகு பெயின்ட். 1978-க்கு முந்தைய வீடு என்றால் ஈயப் பெயின்ட் விதிகள் பொருந்தும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கதவும் தொட்டியும் வாங்குவதற்கு முன் அளவெடுங்கள். வெளிக்கதவு பெரும்பாலும் 76 அங்குல உயரம், வெளிப்பக்கம் திறப்பது. பெருங்கடைகளில் இருப்பது 80 அங்குலம். குளியல் தொட்டி பல வீடுகளில் 54 அங்குலம்; கடையில் கிடைப்பது 60. ஆறு அங்குலத்துக்காகச் சுவரை நகர்த்துவதைவிட, இந்த வீடுகளுக்கான பொருள் விற்கும் கடையில் ஆர்டர் கொடுப்பது மலிவு. நாள் பிடிக்கும் என்பதால் முதல் வாரத்திலேயே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

சமையலறையில் அலமாரிப் பெட்டிகள் உறுதியாக இருந்தால் பெயின்ட், புதுக் கைப்பிடி, லேமினேட் மேடை, நல்ல ஆழமான சிங்க், போதும். கல் மேடை வேண்டாம். எடையும் கூடும், விலையும் திரும்பாது. செராமிக் டைல் தரையும் அப்படித்தான். அசையும் தரையில் இணைப்பு வெடித்துக்கொண்டே இருக்கும். வீடு முழுக்க ஒரே வகை வினைல் பலகை போட்டால் குறுகலான வீடு கொஞ்சம் அகலமாகத் தெரியும். எல்லாப் படுக்கையறையிலும் கூடத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள், ஜன்னல்கள் உள்ளிருந்து சுலபமாகத் திறக்கின்றனவா என்றும்.

வெளிப்புறம்

வீட்டுக்கு அடியில் மண்ணின் மேல் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிமனுள்ள பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். தாள் இல்லாவிட்டால் ஒவ்வொரு 150 சதுர அடி தரைக்கும் ஒரு சதுர அடி காற்றுத் திறப்பு வேண்டும். தாள் இருந்தால் அந்த அளவு வெகுவாகக் குறையும். மழைத் தண்ணீர் வீட்டை நோக்கி ஓடினால் மண்ணைச் சரிவாக்கி வெளியே திருப்புங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பிடித்த மட்டம் ஒரு மழைக்காலம் தாங்காது. உடைந்த ஸ்கர்ட்டிங்கை மாற்றி, கைப்பிடியோடு கெட்டியான படிக்கட்டு வைத்து, சைடிங்கை அழுத்த நீரால் கழுவினால் படத்தில் வீடு பத்து வயது குறைந்து தெரியும். நீரைக் கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சக் கூடாது, சுவருக்குள் போய்விடும்.

விற்பது

விளம்பரத்தில் அழகான வார்த்தைகளைவிட ஆண்டு, அளவு, லாட் வாடகை, எதெது புதிது, பார்க்கின் வருமான நிபந்தனை என்ற ஐந்தும் முதலில் வரட்டும். பெல்லி, குழாய், தரை வேலைகளை மூடுவதற்கு முன்னால் எடுத்த படங்களை அழைப்பவர்களுக்குக் காட்டுங்கள். இந்தச் சந்தையில் வாங்குபவர்கள் பலரும் ஏற்கெனவே ஒரு மொபைல் ஹோமில் குடியிருந்தவர்கள். கழிப்பறை ஓரத்தில் அவர்களே மிதித்துப் பார்ப்பார்கள்.

பார்க்கில் நிற்கும் வீட்டை வாங்குபவருக்குப் பார்க் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் வரும்வரை முன்பணத்தைத் திரும்பத் தரும் நிபந்தனையோடு வாங்குங்கள். ஒப்புதல் மறுக்கப்பட்டவரோடு பணத்துக்காகச் சண்டை போடுவது இரு பக்கத்துக்கும் வீண். ஒருவரை மட்டும் நம்பி மற்றவர்களைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

"நீங்களே தவணையில் தாருங்கள்" என்று கேட்பவர்கள் நிறைய வருவார்கள். குடியிருக்கப் போகிறவருக்கு வீட்டுக் கடன் தருவதற்கு மத்திய, மாநிலச் சட்டங்கள் உரிமமும் நிபந்தனையும் வைத்திருக்கின்றன. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கும் சமாச்சாரம் அல்ல. வக்கீல் எழுதிய ஒப்பந்தம் இல்லாமல் இறங்காதீர்கள். தெரிந்த குறைகளை எழுத்தில் சொல்லிவிடுங்கள். வேலை நடக்கும் காலத்தில் காலி வீட்டுக்கான காப்பீடு எடுத்திருப்பீர்கள். சாதாரணக் குடியிருப்புக் காப்பீடு காலி வீட்டுக்குச் செல்லாமல் போகலாம் என்பதால் விற்பனை முடியும்வரை அதை நிறுத்த வேண்டாம்.

பணம் கைக்கு வந்த அன்றே வாங்குபவரோடு சேர்ந்து பெயர் மாற்ற அலுவலகத்துக்குப் போங்கள். கையெழுத்துப் போட்ட டைட்டிலை அவரிடம் கொடுத்து "நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று விட்டால், பலர் வருடக்கணக்கில் மாற்ற மாட்டார்கள். வரி நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வந்துகொண்டிருக்கும். மாற்றிய ரசீதின் நகலைப் பார்க் அலுவலகத்தில் கொடுத்து, லாட் ஒப்பந்தம் எந்தத் தேதியோடு உங்கள் பெயரில் முடிகிறது என்று எழுதி வாங்குங்கள். தண்ணீர், மின்சாரக் கணக்குகளையும் அதே தேதியில் முடித்துவிடுங்கள்.